பையில் விழுந்த சாம்பல்

வெள்ளத்துரைக்கு நெருப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. எடுத்தால் கேட்டுக்கொள்வார், தலையாட்டுவார், அப்புறம் தன் இஷ்டப்படிதான் செய்வார். இருபது வருடம் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்த ஆள் அவர். எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே நாலு ஏக்கர் மானாவாரிக் காடு உண்டு. மழை வந்தால் பருத்தி, வராவிட்டால் கரி என்று பிழைத்த குடும்பம். மண்ணைப் போட்டு மூடிய விறகுக் குவியலில் தீ இப்போது எங்கே நிற்கிறது என்று, ஓட்டை வழியாக வரும் புகையைப் பார்த்தே சொல்லிவிடுவார். வெள்ளையாக வந்தால் விறகில் இன்னும் ஈரம் இருக்கிறது. மஞ்சள் தட்டினால் வேகிறது. நீலம் ஓடிப் புகை அற்றுப்போனால் கரி ஆகிவிட்டது, உடனே ஓட்டையெல்லாம் அடைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் அத்தனை நாள் உழைப்பும் சாம்பல்தான். தனக்கு ஒருமுறைகூட அப்படி ஆனதில்லை என்பார். இரண்டு முறை ஆனது என்பாள் அவர் மனைவி ஜெகதீஸ்வரி.

அவர் எரிகம்பெனி வேலைக்குப் போனபோது ஊர் வாயைப் பிளந்தது. பந்தல்குடி ரோட்டை விட்டு உள்ளே பிரிந்து, ஆடுகூட மேயாத பொட்டலில் போய் நிற்கிறது அந்த ஆலை. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எரிகம்பெனி என்பது ஊர் வைத்தது. எங்கெங்கோ இருக்கிற தொழிற்சாலைகளிலிருந்து, கையால் தொடக்கூடாத கழிவெல்லாம் மூடி போட்ட பீப்பாய்களில் லோடு லோடாக வரும். மருந்துக் கசடு, பெயின்ட் கசடு, காலாவதியான பூச்சிமருந்து, இன்னதென்று தெரியாத பிசின். எல்லாவற்றையும் எரிப்பதுதான் அங்கே வேலை. வெள்ளத்துரைக்கு உலை ஆபரேட்டர் உத்தியோகம். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சூடு ஏறுவதையும் இறங்குவதையும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஜெகதீஸ்வரி முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண் யுவராணி. அப்போது அவளுக்கு ஏழு வயது. நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் ஜெகதீஸ்வரி ஒரு நிபந்தனை போட்டாள். "சம்பளத்த மட்டும் கொண்டாங்க. அங்கிட்டு இருந்து வேற எதையும் கொண்டாராதீக. வீட்டுல ஒத்தப் புள்ள இருக்கு."

அவரும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். ஆலையிலேயே குளிப்பார். சட்டையும் பூட்ஸும் அங்கேயே கிடக்கும். சோற்றுப் பாத்திரத்தை இரண்டு முறை கழுவிக்கொண்டுதான் வண்டியில் மாட்டுவார். வீட்டு வாசலில் வண்டியை ஈரத்துணியால் துடைக்கும்வரை மகள் கிட்டே வரக்கூடாது. அந்தக் கம்பெனித் தூசு ஒரு பொட்டு அவள்மேல் படக்கூடாது, அவ்வளவுதான். ஆறு வருடம் அவர் சாமியிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சி வகுப்பில்தான் டயாக்சின் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டார். வகுப்பெடுத்தது தங்கச்செல்வி. ஆலையின் சுற்றுச்சூழல் பொறியாளர். காரியாபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். வெள்ளத்துரையைவிடப் பதினைந்து வயது இளையவள். குளோரின் கலந்த எதுவும் அரைகுறைச் சூட்டில் எரிந்தால் அது பிறக்கும் என்றாள். அதற்கு நிறம் கிடையாது, கண்ணுக்குத் தெரிகிற உரு கிடையாது. உடம்புக்குள் போனால் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு ஒன்றும் செய்யாது. காய்ச்சல் வராது, வாந்தி வராது. வருடக்கணக்கில் உள்ளேயே இருந்து, பிறகு புற்றாகவோ பிள்ளைப்பேற்றில் கோளாறாகவோ வேறு பெயரில் வெளியே வரலாம். வராமலும் போகலாம்.

அதைக் கொல்ல ஒரு சூடு இருக்கிறது. இரண்டாம் அறையில் ஆயிரத்து நூறு டிகிரி. புகை அதற்குள் இரண்டு வினாடியாவது நிற்க வேண்டும். அங்கே டயாக்சின் செத்துவிடும். ஆனால் செத்தது செத்தபடி கிடக்காது. புகை ஆறிக்கொண்டே வரும்போது, நானூறு டிகிரிக்கும் இருநூறுக்கும் நடுவே கொஞ்சம் தாமதித்தாலும், கூட வருகிற தூசியைப் பற்றிக்கொண்டு அது மறுபடி உருவாகிவிடும். அதனால்தான் தண்ணீரைப் பீய்ச்சி ஒரே அடியில் சூட்டை இறக்குகிறார்கள் என்று தங்கச்செல்வி விளக்கினாள்.

வெள்ளத்துரைக்கு முனி ஞாபகம் வந்தது. உச்சிவேளையில் முனி நடமாடும் தடம் ஒன்று அவர் ஊரில் உண்டு. அந்த நேரத்தில் அதைக் கடக்க நேர்ந்தால் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட வேண்டும். புகைக்கும் அப்படி ஒரு தடம் இருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். அன்றிலிருந்து அந்தத் தண்ணீர் பீய்ச்சும் குழாயைத் தாண்டும்போதெல்லாம் அவர் நடை தானாகவே வேகமெடுத்தது. கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும், அவர்கள் யாரும் செத்த நெருப்பு எழுந்து வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை என்று விட்டுவிட்டார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. சூடு ஆயிரத்து நூறுக்குக் கீழே நழுவப் பார்த்தால் திரையில் எண் மாறுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். பீப்பாய் உள்ளே போவதை நிறுத்திவிட்டு, சூடு ஏறிய பிறகே மறுபடி விடுவார். அவர் ஷிப்டில் சிம்னியில் புகையே தெரியாது. வாய்க்கு மேலே காற்று மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும். காட்டுக்குப் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். இத்தனை லாரி உள்ளே போகிறது, ஒன்றுமே வெளியே வரக்காணோமே, எல்லாம் எங்கேதான் போகிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை வெள்ளத்துரை பட்டிக்காட்டுத்தனம் என்று சிரித்தார். உண்மையில் ஊரிலேயே சரியான கேள்வியைக் கேட்டது அவர்கள்தான்.

புகை சிம்னிக்குப் போகுமுன் இன்னோர் இடம் இருக்கிறது. வரிசையாகத் தொங்குகிற நீளத் துணிப்பைகள். அதற்கு முன்னால் குழாயில் சுண்ணாம்புத் தூளும் கரித்தூளும் ஊதிவிடுவார்கள். சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும், மிச்சசொச்ச டயாக்சினைக் கரி பிடித்துக்கொள்ளும், பைகள் தூசியை நிறுத்திவிடும். பையைத் தட்டினால் மாவு மாதிரி சாம்பல் கீழே விழும். அதை இரட்டைப் பையில் கட்டி, வாயைத் தைத்து, சீட்டு ஒட்டி, தூரத்தில் குழி வெட்டிப் பாதுகாப்பாகப் புதைக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. விதி என்றால் ஏன் என்று கேட்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

போன ஐப்பசியில் ஜெகதீஸ்வரியின் கோழிகளுக்குச் செள்ளு விழுந்தது. ஒன்பது கோழி, ஒரு சேவல். கழுத்து ரோமமெல்லாம் உதிர்ந்து, இறக்கைக்கு அடியில் பூச்சி அப்பிக்கொண்டு, முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன. மூட்டம் போட்ட காலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. மூட்டத்துச் சாம்பலை ஒரு குழியில் கொட்டிவிட்டால் கோழிகள் அதில் புரண்டு குளித்துத் தாங்களே செள்ளை உதறிவிடும். இப்போது வீட்டில் கேஸ் அடுப்பு. ஒரு கைப்பிடிச் சாம்பலுக்கு வழியில்லை.

அப்போதுதான் துணிப்பையின் அடியில் குவிந்திருந்த சாம்பல் அவர் கண்ணில் பட்டது. விரலை விட்டுப் பார்த்தார். பொட்டுக் கல் இல்லை, கரி முடிச்சு இல்லை, அத்தனை நைசு. அதில் இருப்பது என்ன? கரி. அது அவர் பிறந்ததிலிருந்து கையாண்ட பொருள், பல் துலக்கியிருக்கிறார். சுண்ணாம்பு. கிணற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போடுவது. அப்புறம் சாம்பல். ஆயிரத்து நூறு டிகிரியைத் தாண்டி வந்த பிறகு அதில் கெட்டது எது மிஞ்சியிருக்கும்? நெருப்புக்குள் போய் வந்தது எதுவானாலும் சுத்தமாகிவிட்டது என்பது மூட்டக்காரர்களின் கணக்கு. அந்தக் கணக்கு மூட்டத்துக்குச் சரி. தங்கச்செல்வி வகுப்பில், கரி விஷத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் சொன்னாள். பிடித்ததைக் கொன்றுவிடும் என்று சேர்த்துக்கொண்டது வெள்ளத்துரை.

புகைதான் ஆகாதது, அது சிம்னியோடு போய்விட்டது என்று நம்பி, அரைச் சாக்கு சாம்பலை வண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். சட்டையை ஆலையில் விட்டுவிட்டு, குளித்து முழுகி, சோற்றுப் பாத்திரத்தை இரண்டு முறை கழுவி எடுத்துக்கொண்டு, அதற்கு மேலே இந்தச் சாக்கைக் கட்டியிருந்தார். கேட்டில் யாரும் கேட்கவில்லை. சாம்பலை யார் திருடுவார்கள்? என்ன சாக்கு என்று ஜெகதீஸ்வரி மட்டும் கேட்டாள். கரியும் சுண்ணாம்பும் கலந்த சாம்பல் என்று சொன்னார். அது பொய்யில்லை.

கொல்லையில் வேம்படியில் குழி பறித்துக் கொட்டினார். கோழிகள் பாய்ந்து விழுந்தன. அப்படிக் குளித்து யாரும் பார்த்ததில்லை. காலையில் மூடியிருந்த பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் இரையைக்கூடப் பார்க்காமல் அந்தக் குழிக்கே ஓடும். கண்ணை மூடி, அலகைத் திறந்து, சாம்பலுக்குள் புதைந்து கிடக்கும், நிமிண்டினால்தான் எழும். பத்து நாளில் செள்ளு போன இடம் தெரியவில்லை. ரோமம் மினுமினுவென்று முளைத்தது. வெள்ளத்துரை பெருமையில் இன்னும் இரண்டு தடவை சாம்பல் கொண்டுவந்தார்.

ஒரு விஷயம் மட்டும் அவர் கவனத்தில் பட்டது. அந்தக் கொல்லையில் எப்போதும் கட்டெறும்புச் சாரை ஒன்று வேம்படியிலிருந்து சுவருக்கு ஓடும். இப்போது அது குழிக்கு ஒரு முழம் முன்னாலேயே திரும்பி, வட்டம் போட்டு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. ஓர் எறும்புகூட அந்த வட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. சுண்ணாம்பு வாடைக்கு விலகுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனாலும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

மார்கழிக் கடைசியில் கோழிகள் மறுபடி முட்டையிட ஆரம்பித்தன. தை பிறந்து ஐந்தாம் நாள் யுவராணி பெரிய மனுஷி ஆனாள்.

வீட்டில் கூட்டம் அலைமோதியது. பந்தல்குடியில் ரோட்டோரம் கடை வைத்திருக்கிற தாய்மாமன் இன்பராஜ் கொல்லையில் பச்சை ஓலையால் குச்சு கட்டிக்கொடுத்தார். சீராக உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் வந்தன. கூடவே கடையிலிருந்து இரண்டு அட்டை வெள்ளை முட்டை. வயசுக்கு வந்த பெண்ணுக்கு முப்பது நாளைக்கு விடிகாலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டை கொடுக்க வேண்டும். முட்டையின் தலையில் ஓட்டை போட்டு அப்படியே உறிஞ்ச வேண்டும். பிறகு அதே ஓட்டில் நல்லெண்ணெய் ஊற்றிக் குடிக்க வேண்டும். இடுப்புக்கு வலு, நாளைக்குப் பிள்ளை பெறுகிற கர்ப்பப்பைக்கு வலு என்று எல்லா வீட்டிலும் செய்வது. இன்பராஜ் கொண்டுவந்த அட்டையை வெள்ளத்துரை சமையலுக்குத் தள்ளிவிட்டார். வீட்டில் நாட்டுக்கோழி முட்டை இருக்கும்போது பிராய்லர் முட்டையையா பிள்ளைக்குக் கொடுப்பது என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். மச்சினனுக்கு முகம் சுண்டிவிட்டது.

யுவராணிக்கு அந்த முட்டையைக் கண்டாலே குமட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை. ஆத்தாள் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். அப்பா வந்து நின்றால் மட்டும் குடிப்பாள். அதனால் அது அவர் வேலையாயிற்று. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் குச்சு வாசலில் போய் நிற்பார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓட்டை உறிஞ்சுவாள். மஞ்சள் கரு நெருப்புத் துண்டு போலச் சிவந்திருக்கும். அவள் உறிஞ்சத் தொடங்கியதுமே அவர் திரும்பி மாடத்திலிருந்து கருப்பட்டித் துண்டு எடுத்து அவள் வாயில் போடுவார். "எங்க ஆத்தால்ல, இன்னும் எண்ணெய் மட்டுந்தான்" என்று கெஞ்சுவார். முப்பது நாளும் ஒரு நாள் தவறவில்லை.

அதே சமயத்தில் ஜெகதீஸ்வரி ஒரு கோழியை அடை வைத்திருந்தாள். பதின்மூன்று முட்டை. இருபதாம் நாள் முட்டைகளுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. மெல்லக் கொத்துகிற சத்தம், கீச்சென்று ஒரு குரல். ஜெகதீஸ்வரி காதை வைத்துக் கேட்டுவிட்டு மகளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். மறுநாள் குஞ்சு வரவேண்டும். மறுநாளும் சத்தம் மட்டும்தான் வந்தது. அதற்கு அடுத்த நாள் அதுவும் நின்றுவிட்டது.

இருபத்தைந்தாம் நாள் வெள்ளத்துரை ஒரு முட்டையை உடைத்தார். உள்ளே குஞ்சு முழுதாக இருந்தது, ரோமம்கூட முளைத்திருந்தது. ஆனால் கழுத்து தண்ணீர் கோத்ததுபோல் வீங்கி, தலை அதில் பாதி புதைந்திருந்தது. அலகின் மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி மறுபக்கமும், திறந்த கத்தரிக்கோல் போல நின்றன. இந்த அலகால் ஓட்டை எப்படிக் கொத்தும்? அடுத்ததை உடைத்தார். அதுவும் அப்படியே. பதின்மூன்றில் ஒன்பது அப்படி, மற்றது கூழ். அத்தனையும் உள்ளேயிருந்து இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டுச் செத்திருக்கின்றன. கோழியோ எழவில்லை. வெறும் கூடையில் இறக்கையை விரித்து, இல்லாத முட்டைகளின்மேல் உட்கார்ந்தே இருந்தது.

ஜெகதீஸ்வரி தீட்டு என்று முடிவுகட்டிவிட்டாள். குச்சுக்கும் அடைக்கூடைக்கும் நடுவே பத்தடிதான். பெண்ணின் நிழல் கூடையில் விழுந்திருக்கும், தன் புத்திக்கு எட்டாமல் போய்விட்டது என்று புலம்பினாள். அது காதில் விழுந்து யுவராணி குச்சுக்குள் அழுதாள், தன்னால்தான் குஞ்சுகள் செத்துப்போயின என்று. இந்த ஒன்றுக்காவது வெள்ளத்துரைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியும் இருக்குமோ என்றுதான் அவரும் நினைத்தார்.

மாசி பாதியில் ஆலைக்கு ரிப்போர்ட் வந்தது. வருடா வருடம் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து சிம்னிக்குள் குழாய் விட்டுக் காற்றைப் பிடித்துக்கொண்டு போய், டயாக்சின் எவ்வளவு என்று சோதிப்பார்கள். இந்தத் தடவை, அனுமதித்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேனேஜர் லட்டு வாங்கிக் கொடுத்தார். வெள்ளத்துரையின் ஷிப்டில் எடுத்த சாம்பிள் என்பதால் கைகூடக் கொடுத்தார்.

தங்கச்செல்வி கண்ணாடி அறைக்கு வந்து பாராட்டினாள். கையில் இன்னொரு தாள் இருந்தது. அது சாம்பல் ரிப்போர்ட் என்றாள். லட்டைக் கடித்துக்கொண்டே, அதில் என்ன போட்டிருக்கிறது என்று அவர் கேட்டார்.

"அதுல எக்கச்சக்கம்ண்ணே. இருக்கத்தான செய்யும்? வெளிய போக வேண்டிய வெசத்தையெல்லாம் கரி புடிச்சு பையில விட்டுருது. சிம்னி எவ்வளவு சுத்தமோ, பை அவ்வளவு மோசம்."

வெள்ளத்துரை லட்டை மெதுவாகக் காகிதத்தின்மேல் வைத்தார். வெளியே சிம்னி வாயில் புகையில்லை. காற்று நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் எங்கேதான் போகிறது என்று ஊர்க்காரர்கள் கேட்டது இப்போதுதான் அவர் காதில் சரியாக விழுந்தது.

அந்தச் சாம்பலில் கோழி புரண்டால் என்ன ஆகும் என்று, வேறு யாருக்காகவோ கேட்கிற மாதிரி கேட்டார். தங்கச்செல்வி முதலில் சிரித்தாள். கோழியைப்போல அந்த விஷத்தைச் சேர்த்து வைக்கிற பிராணி கிடையாது என்றாள். மண்ணைக் கொத்தும், இறகைக் கோதும், உள்ளே போனதெல்லாம் மஞ்சள் கருவுக்கு வந்துவிடும். எந்த நாட்டில் சந்தேகம் வந்தாலும் முதலில் நாட்டுக்கோழி முட்டையைத்தான் எடுத்துச் சோதிப்பார்கள். முட்டையை அடை வைத்தால் குஞ்சு கழுத்து வீங்கி, அலகு கோணி, ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகலாம். சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"யாருண்ணே சாப்பிட்டது?"

அவர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். தங்கச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளும் அதே கரிசல்காட்டுப் பெண். முப்பது நாள் பச்சை முட்டை குடித்து வளர்ந்தவள்.

ரத்தத்தில் சோதிக்கலாமா என்று கேட்டார். சோதிக்கிற இடமே அரிது, செய்தாலும் இருக்கிறதென்று தெரியுமே தவிர எடுக்க மருந்து கிடையாது என்றாள். ஒன்றுமே ஆகாமலும் போகலாம், நிறையப் பேருக்கு ஆவதில்லை, மனதை விட்டுவிடக்கூடாது என்றாள். பாதி குறையவே ஏழெட்டு வருடம் ஆகும் என்றாள். சீக்கிரம் வெளியேற்ற வழியே இல்லையா என்று அவர் விடாமல் கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொம்பளைக்கு ஒரு வழி இருக்குண்ணே. புள்ளைக்குப் பால் குடுக்கையில கொறையும்."

பிறகு எங்கே போகும் என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்கே விளங்கிவிட்டது.

இதை மேலே எழுதித்தான் ஆக வேண்டும், உங்கள் வேலைக்கு ஆபத்து வரும் என்றாள் தங்கச்செல்வி. எழுதுங்கள் மேடம் என்றார். மறுநாள் காலையிலேயே அவளும் இரண்டு ஆட்களும் முகமூடி போட்டு வீட்டுக்கு வந்தார்கள். வேம்படிக் குழியையும் சுற்றி ஒரு முழ மண்ணையும் தோண்டிப் பீப்பாய்களில் அடைத்தார்கள். சாக்கு, பஞ்சாரம், அடைக்கூடை எல்லாம் போயின. கோழிகளை வெள்ளத்துரை தானே பிடித்துக் கழுத்தைத் திருகினார். அவற்றைத் தின்னவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது, ஊர் மண்ணில் புதைக்கவும் கூடாது. மதியம் அவருடைய உலையில்தான் போட்டார்கள். அவர் கண்ணாடி அறையில் நின்று எண்ணைப் பார்த்தார். ஆயிரத்து நூற்று இருபது. இரண்டு வினாடி. கோழிகள் போன இடம் தெரியவில்லை.

ஜெகதீஸ்வரிக்குக் காலையிலேயே உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தார். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அத ஒண்ணத்தான கேட்டேன்" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும் வண்டியை மறித்து நின்றாள். அவள் முகத்தில் பயங்கரமான ஒரு தெளிவு இருந்தது. அந்தப் பிள்ளைக்கு முட்டை என்றால் உமட்டல், நீங்கள் கருப்பட்டி எடுக்கத் திரும்புகிற சமயம் பாதி நாள் மண்ணில் ஊற்றியிருப்பாள், போய்க் கேளுங்கள் என்றாள்.

அவருக்கும் நெஞ்சில் ஏதோ சுடர்விட்டது. திரும்பத்தான் செய்தார், தினமும் திரும்பினார். அந்த இமைப்பொழுதில் ஒரு கள்ளத்தனம் நடந்திருக்கக் கூடாதா? எந்தத் தகப்பனும் இப்படி ஒன்றுக்கு ஏங்கியிருக்க மாட்டான்.

யுவராணி வாசலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கோழிகளுக்குச் சீக்கு என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தாயி, உண்மையச் சொல்லு. அப்பா வைய மாட்டேன். அந்த முட்டைய எத்தன நாளு கீழ ஊத்துன?"

அவள் அரண்டுபோனாள். அப்பா தன்னைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தாள். "ஒரு நாளுகூட ஊத்தலப்பா. சத்தியமா. முப்பது நாளும் குடிச்சேன்ப்பா. நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க" என்றாள். குரலில் கொஞ்சம் ரோஷமும் இருந்தது.

வெள்ளத்துரையின் கன்னத்துச் சதை இழுத்து இழுத்து விட்டது. யுவராணி அவரைப் பார்த்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆத்தாளைப் பார்த்தாள். என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் என்ன சொன்னால் இந்த முகம் மாறும் என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு நாளு ஊத்திட்டேன்ப்பா" என்றாள் மெதுவாக.

அவர் நிமிர்ந்தார்.

"இல்ல, நாலு நாளு."

அவர் கண்ணில் ஈரம் திரண்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டு, "பத்து நாளு இருக்கும்ப்பா" என்றாள்.

பொய் என்று அவருக்குத் தெரிந்தது. போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "இன்னும் இருக்கும் தாயி," என்றார், "நல்லா நெனச்சுப் பாரு."